பெரிய பெட்டி, முடியாத போர்

‘வாங்குவதென்று ஆகிவிட்டது, பெரிசாகவே வாங்கிவிடு.’ ஆக்சிஸ் அண்ட் அலைஸ் என்ற இரண்டாம் உலகப் போர்ப் பலகை விளையாட்டில் எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று கேட்கிற புதியவருக்கு அனுபவசாலிகள் பெரும்பாலும் சொல்லும் பதில் இது. பெரிசு என்று அவர்கள் குறிப்பிடுவது குளோபல் 1940ஐ. ஐரோப்பா 1940, பசிபிக் 1940 என்று தனித்தனியாக விற்கும் இரண்டு பெட்டிகளை வாங்கி, இரண்டு வரைபடங்களையும் சேர்த்துப் போட்டு ஆடும் முழு உலகப் போர் அது. சொல்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். ஆனால் பத்து வருஷம் ஆடிய பிறகு தங்களுக்குப் பிடித்துப்போனதை, முதல்நாள் ஆட்டக்காரனுக்குத் தேவையானதாக எண்ணிக்கொள்கிறார்கள். அந்த யோசனையைக் கேட்டு வாங்கப்பட்ட பெட்டிகள் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன.

முதலில் அவர்கள் தரப்பை நியாயமாகச் சொல்லிவிடுவோம். லாரி ஹாரிஸ் உருவாக்கிய இந்த விளையாட்டு 1981இல் நோவா கேம் டிசைன்ஸ் வெளியீடாக வந்தது. 1984இல் மில்டன் பிராட்லி அதைப் பெரிய பெட்டியாக்கி உலகறியச் செய்தது. அதன்பின் திருத்திய பதிப்பு, ஆண்டுவிழாப் பதிப்பு, 1940, 1941, 1942, முதல் உலகப் போருக்கு ஒரு 1914 என்று வரிசை நீண்டுகொண்டே போனது. இந்த வரிசையின் உச்சம் குளோபல் 1940 என்பது அவர்கள் வாதம். படை வகைகள் அதிகம், நாடுகள் ஒன்பது, விமானத்தளம், கடற்படைத்தளம், நடுநிலை நாடுகள், போர் அறிவிப்புக்கான அரசியல் விதிகள் எல்லாம் உண்டு. சின்னப் பதிப்பில் தொடங்கியவர்களும் கடைசியில் இங்கேதான் வந்து சேருவார்கள், அதனால் நடுவில் ஒரு பெட்டிக்குக் காசை விரயம் செய்யாதே என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ‘அதில்தான் எல்லாம் இருக்கிறது’

எல்லாம் என்றால் என்ன? பெட்டியில் இருக்கும் பிளாஸ்டிக்கா, ஆடுகிறவன் முன்னால் வந்து நிற்கும் முடிவுகளா?

புதியவருக்கு நான் சொல்லும் பெட்டியான 1942 இரண்டாம் பதிப்பின் விலைப்பட்டியலில் மூன்றே வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபிசி என்பது இந்த விளையாட்டின் பணம். காலாட்படை 3 ஐபிசி, பீரங்கி 4, டேங்க் 6. தாக்கும்போது காலாட்படை பகடையில் 1 விழுந்தால்தான் அடிக்கும். பக்கத்தில் ஒரு பீரங்கி நின்றால் 2 விழுந்தாலும் அடிக்கும். பீரங்கிக்கும் 2. டேங்குக்கு 3. கையில் 42 ஐபிசி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஜோடி காலாட்படையும் பீரங்கியும் வாங்கலாம், அல்லது ஏழு டேங்க் வாங்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு ஜோடி என்றால் பன்னிரண்டு தலை. தாக்கும் வலிமையின் கூட்டுத்தொகை 24, சராசரியாக ஒரு வீச்சுக்கு நாலு அடி. ஏழு டேங்க் என்றால் ஏழே தலை. கூட்டுத்தொகை 21, சராசரி மூன்றரை அடி. தற்காப்பிலும் இதே 24, இதே 21. எல்லா வகையிலும் ஜோடிகளே மேல். பிறகு யார் டேங்க் வாங்குவார்கள்? எல்லோரும் வாங்குகிறார்கள், ஏனென்றால் டேங்க் ஒரு சுற்றில் இரண்டு பிரதேசம் போகும். பெர்லினில் இன்று வாங்கிய காலாட்படை மாஸ்கோ வாசலுக்குப் போவதற்குள் மூன்று நான்கு சுற்று ஓடிவிடும், டேங்க் பாதி நேரத்தில் அங்கே நிற்கும். நேரத்தை வாங்குவதா, கூட்டத்தை வாங்குவதா? தளபதிகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியே இந்த மூன்று வரிகளுக்குள் இருக்கிறது.

குளோபல் 1940 இங்கே என்ன சேர்க்கிறது? வண்டியில் போகும் காலாட்படை ஒன்று, 4 ஐபிசிக்கு, இரண்டு பிரதேசம் நகரும். அது நல்ல காய்தான். ஆனால் மேலே பார்த்த கேள்வியை அது கூர்மையாக்கவில்லை, நடுவில் ஒரு சௌகரியமான பதிலை வைத்து மழுங்கடிக்கிறது. கடலிலும் இதே கதை. இரண்டு பதிப்பிலும் இருக்கும் குரூசர் கப்பல் 12 ஐபிசி. அந்தக் காசை டெஸ்ட்ராயருக்கும் நீர்மூழ்கிக்கும் செலவிட்டால் அதிக பலன் என்று எந்தப் பழைய ஆட்டக்காரரும் சொல்வார், அதனால் பெரும்பாலும் யாரும் குரூசரை வாங்குவதில்லை. பட்டியலில் ஒரு பெயர் கூடினால் தந்திரம் ஒன்று கூடிவிடும் என்பது கடைக்காரர் கணக்கு.

2. ‘ஆறு பேர் உட்காரலாம்’

உட்காரலாம், ஆனால் எத்தனை பேர் ஆடுவார்கள்? ஒன்பது நாடுகளையும் அருகில் போய்ப் பாருங்கள். பிரான்ஸைக் கையில் எடுத்தவரின் தலைநகரம் முதல் சுற்றிலேயே போய்விடும். ஜெர்மனி முதல் வேலையாகப் பாரிஸைப் பிடிப்பது அங்கே எழுதாத சட்டம். பிறகு அவரிடம் மிஞ்சுவது சிதறிக்கிடக்கும் நாலைந்து காய்கள். சீனா தன் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது விதி, சொற்ப விலக்குகள் மட்டும் உண்டு. வாங்கக் கிடைப்பது காலாட்படை, பர்மா சாலை திறந்திருந்தால் பீரங்கி. இத்தாலிக்கும் ஆஸ்திரேலியா–நியூசிலாந்து அணிக்கும் தொடக்க வருமானம் தலா 10 ஐபிசி. மூன்று காலாட்படை வாங்கினால் பை காலி.

பெரிய நாட்டுக்காரர் கதையாவது தேவலையா? அமெரிக்காவை எடுத்தவரைக் கவனியுங்கள். 52 ஐபிசி வருமானத்தோடு கம்பீரமாகத்தான் உட்காருவார். ஆனால் ஜப்பான் முந்திக்கொண்டு தாக்கினால் ஒழிய, மூன்றாவது சுற்றின் கடைசி வரை அவருக்குப் போர் கிடையாது. முதல் சுற்றில் கப்பல் வாங்கிக் கரையோரம் வைப்பார். தன் முறை மறுபடி வருவதற்குள் மற்றவர்கள் ஐரோப்பாவைப் புரட்டிப்போட்டிருப்பார்கள். இரண்டாவது சுற்றிலும் கப்பல். மூன்றாவது சுற்றில் அவர் கை போனுக்குப் போய்விடும். புதியவர்கள் ஆடினால் இந்த மூன்று சுற்றுக்கே ஒரு மதியம் கரைந்துவிடும். விருந்துக்குக் கூப்பிட்டு மூன்று பந்தி முடியும்வரை வாசலில் நிற்க வைத்தால் அந்த ஆள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவாரா?

1942 பதிப்பில் ஐந்து நாடுகள். ரஷ்யா தொடங்கும், பிறகு ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா. வருமானம் முறையே 24, 41, 31, 30, 42. ஐந்து பேரும் முதல் சுற்றிலிருந்தே போரில் இருப்பார்கள். ஏழையான ரஷ்யாவும் முதல் நகர்விலேயே மேற்கு ரஷ்யாவில் நிற்கும் ஜெர்மானியப் படைமேல் பாய வேண்டுமா, உக்ரைனையும் சேர்த்து அடிக்கலாமா என்று நகத்தைக் கடித்துக்கொண்டுதான் தொடங்கும். நாற்காலி எண்ணிக்கை குறைவுதான், ஆனால் சும்மா இருக்கும் நாற்காலி ஒன்றுகூட இல்லை.

3. ‘வரலாற்றுக்கு அதுதான் நெருக்கம்’

எந்த வரலாற்றுக்கு? 1940இல் அமெரிக்கா போருக்கு வருமா, வந்தால் எப்போது என்பது பெர்லினுக்கும் தெரியாது, டோக்கியோவுக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அந்த ஆண்டின் வரலாறு. குளோபல் 1940இன் அரசியல் விதிகள் அதைத் துடைத்துவிட்டு ஒரு நாட்காட்டியைக் கையில் கொடுக்கின்றன. மூன்றாவது சுற்றின் முடிவில் அமெரிக்கா வரலாம், நாலாவது சுற்றில் ரஷ்யா தானே போர் அறிவிக்கலாம். ஜெர்மனியை ஆடுபவர் இந்தத் தேதிகளை மனப்பாடம் செய்துகொண்டு அதற்கு முந்தைய சுற்றில் அடிப்பார். விதிகள் கூடக்கூட வரலாறு நெருங்கி வருகிறது என்று நினைத்தால், இங்கே வரலாற்றின் உயிரே விதியால்தான் போகிறது.

1942 வசந்தகாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் போரில் இறங்கியாகிவிட்டது, அச்சு நாடுகள் தங்கள் பரப்பின் உச்சத்தை நெருங்குகின்றன. மிட்வே ஜூனில், ஸ்டாலின்கிராட் ஆகஸ்டில், எல் அலமைன் அக்டோபரில். மூன்றுமே இன்னும் நடக்கவில்லை. நம் பக்கம் என்ன நடந்தது என்பதும் நினைவிருக்கட்டும். அந்த ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னைப் பட்டணம் பெருமளவு காலியானது. 1942 வரைபடத்தில் இந்தியாவில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது, கல்கத்தா வெற்றியைத் தீர்மானிக்கும் நகரங்களில் ஒன்று. பிரிட்டனை ஆடுபவர் அந்தத் தொழிற்சாலையைக் கடைசிவரை காப்பதா, படையைப் பின்வாங்கிக் காப்பாற்றுவதா என்று இரண்டாவது சுற்றிலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கும். கல்கத்தா குளோபலிலும் உண்டு, அங்கே அது பிரிட்டனின் பசிபிக் தலைநகரம். ஆனால் முடிவு இரு பக்கமும் சாயக்கூடிய ஒரு கணத்தில் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பது 1942தான்.

4. ‘எப்படியும் அங்கேதான் போவாய், இரண்டு முறை செலவு ஏன்?’

இதுதான் அவர்களின் பலமான வாதம். சரிவதும் இங்கேதான்.

பெர்லினில் முதல் சுற்றில் வாங்கிய காலாட்படை நாலாவது சுற்றில்தான் மாஸ்கோ வாசலில் நிற்கும் என்று பார்த்தோம். அப்படியானால் அந்தக் கொள்முதல் சரியா தப்பா என்பது நாலாவது, ஐந்தாவது சுற்றில்தான் தெரியவரும். அமெரிக்கா அட்லாண்டிக்குக்குக் கப்பல் வாங்கியது புத்திசாலித்தனமா, பசிபிக்குக்கு வாங்கியிருக்க வேண்டுமா என்பதும் அப்படியே. இந்த விளையாட்டில் விதைப்பு ஒரு சுற்றில், அறுவடை பல சுற்று தள்ளி. இரண்டாவது, மூன்றாவது சுற்றில் ‘நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் பார்ப்போம்’ என்று கலைந்துபோகும் ஆட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியவராது. எல்லோரும் முடிவெடுத்திருப்பார்கள், ஒருவரும் விளைவைப் பார்த்திருக்க மாட்டார்கள். விளைவைப் பார்க்காமல் எடுத்த முடிவுக்கு வியூகம் என்று பெயர் வைக்க முடியாது.

குளோபல் 1940 எங்கே கலையும்? புதியவர்களுக்குப் படைகளை அடுக்கவே ஒரு மணி நேரம் போதாது. ஒரு முழு நாள் கொடுத்தாலும் பல குழுக்களுக்கு ஆட்டம் முடிவதில்லை. நேச நாடுகள் வெல்ல பெர்லின், ரோம், டோக்கியோ மூன்றையும் பிடித்தாக வேண்டும். இரண்டு வரைபடமும் சேர்ந்து 70 அங்குல நீளம், 32 அங்குல அகலம். நாலு பேர் சாப்பிடும் மேசையில் அடங்காது. இரவு அப்படியே விட்டுவைக்கலாம் என்றால் அந்த அறையில் வேறு யாரும் புழங்கக் கூடாது. இப்படி ஒரு நாளும் ஓர் அறையும் ஆறு பேரும் ஒரே சமயத்தில் அமையும் வீட்டை எனக்குக் காட்டுங்கள், என் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

செலவுக் கணக்குக்கு வருவோம். 1942ஐ வாங்கிவிட்டுப் பிறகு குளோபலுக்குப் போனால் ஒரு பெட்டி அதிகச் செலவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1942ஓடு திருப்தியாகி நின்றுவிடுபவருக்கு ஒரு பெட்டி மிச்சம். மேலே போகிறவருக்கும் பழைய பெட்டி வீணாவதில்லை, ஒரு மாலைப் பொழுது மட்டுமே கிடைக்கும் நாட்களில் அவர் எடுப்பது அதைத்தான். நேரே குளோபல் வாங்கி இரண்டு முறை பாதியில் விட்டவருக்கோ எல்லாமே நஷ்டம். பெட்டி விலையை எண்ணுகிறவர்கள், அந்தப் பெட்டியில் முடித்துவைத்த ஆட்டங்களால் அதை வகுத்துப் பார்க்கட்டும். பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவந்தால் என்ன செய்வார்கள்?

ஆசைப்பட்டால் குளோபலை முன்கூட்டியே சோதிக்கவும் வழியுண்டு. டிரிப்பிள்-ஏ என்ற இலவச மென்பொருளில் கம்ப்யூட்டரிலேயே இந்த வகை ஆட்டங்களை ஆடிப் பார்க்கலாம். அதில் ஒரே ஒரு ஆட்டத்தைக் கடைசிவரை கொண்டுபோய்விட்டு வந்து பெரிய பெட்டிக்குப் பணத்தை எடுங்கள்.

5. ‘1942இல் இரண்டு தரப்பும் சமமில்லை’

இல்லைதான். குளோபலில் இருக்கிறதா? இரண்டிலுமே பெட்டியில் உள்ளபடி ஆடினால் அச்சு நாடுகள் பக்கம் சாய்கிறது என்பது அனுபவப்பட்டவர்கள் பொதுவாகச் சொல்வது. குளோபல் ஆடுகிறவர்கள் இதற்காகவே ஏலம் விடுகிறார்கள். நேச நாடுகளை ஆட எத்தனை ஐபிசி கூடுதலாக வேண்டும் என்று இருவரும் கேட்டுக்கொண்டே வருவார்கள், குறைவாகக் கேட்டவருக்கு அந்தத் தரப்பு. கிடைத்த ஐபிசிக்குத் தொடக்கத்திலேயே கூடுதல் படை வைத்துக்கொள்ளலாம். அதே மருந்து 1942க்கும் கேட்கும். ஒரே நோய் இரண்டு பேருக்கும் இருக்கும்போது ஒருவரை மட்டும் நோயாளி என்பது என்ன நியாயம்? இன்னொன்றும் உண்டு. எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று கண்டுபிடிக்கவே முடிந்த ஆட்டங்கள் தேவை. பாதியில் நின்ற ஆட்டங்களை வைத்துக்கொண்டு சமநிலை பேசுவது வீண்வாதம்.

6. ‘கிடைக்கும்போதே வாங்கிவை, விலை ஏறும்’

விளையாட்டு வாங்க வந்தோமா, நிலம் வாங்க வந்தோமா? அவலான் ஹில் நிறுவனம் 2008இல் கொண்டுவந்த ஆண்டுவிழாப் பதிப்பு இந்தப் பேச்சுக்கு நல்ல பாடம். இத்தாலியைத் தனி நாடாகச் சேர்த்து, 1941, 1942 என்று இரண்டு தொடக்கங்கள் வைத்து வந்த அருமையான பதிப்பு அது. அச்சில் இல்லாமல் போனதும் பழைய பிரதிகளின் விலை எகிறியது. ‘இனிக் கிடைக்காது’ என்று நம்பிப் பலர் பெருந்தொகை கொடுத்தார்கள். 2017இல் அதை மறுபடியும் அச்சடித்தார்கள். அரிய பொருள் என்று பதுக்கிய பெட்டி, ஒருமுறையும் பகடை உருளாமலே சாதாரணப் பெட்டி ஆயிற்று.

பழைய 1984 பதிப்புதான் அசல் என்று உருகுகிறவர்களும் இந்த வகையில்தான் சேர்த்தி. அந்தப் பெட்டிக்கு ஒரு வணக்கம் வைக்கலாம், வாங்கி ஆடச் சொல்லக் கூடாது. அதில் பீரங்கி கிடையாது, டெஸ்ட்ராயர் கிடையாது, டேங்க் தற்காப்பில் காலாட்படை அளவுக்கே அடிக்கும். அதனால் இரு தரப்பும் காலாட்படையைக் குவித்துக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பதே பாதி ஆட்டம்.

அப்படியானால் மிகச் சின்னதே போதுமா?

போதாது. பெரிசைத் தாக்கியதால் நான் சிறிசுக்கு வக்கீல் ஆகிவிடவில்லை. 1941 பதிப்பு இரண்டு மணி நேரத்துக்குள் முடியும், விலையும் குறைவு. ஆனால் பீரங்கியை எடுத்துவிட்டார்கள், விமான எதிர்ப்புப் பீரங்கியும் இல்லை, புதிய தொழிற்சாலை வாங்கவும் வழியில்லை. வருமானம் அத்தனை சின்னது என்பதால் ஒரு சுற்றில் வாங்கும் படையை விரல் விட்டு எண்ணிவிடலாம். படை குறையக் குறைய பகடையின் ஆட்சி கூடும். முதல் சுற்றில் ஒரு சண்டை தப்பாக உருண்டால் அதைச் சரிக்கட்டப் பின்னால் எதுவும் இருக்காது. நேரமா கூட்டமா என்ற அந்தக் கேள்வியே அங்கே முழுசாக எழாது. பத்து வயதுப் பிள்ளைக்கு விதிமுறை பழக்கவோ, ரயில் பயண அளவு நேரத்தில் ஓர் ஆட்டம் பார்க்கவோ அது சரி. விளைவு தெரியும்வரை ஓடவும் வேண்டும், தெரிந்துகொள்ளும் அளவுக்கு விஷயமும் இருக்க வேண்டும். இரண்டும் கூடுவது 1942 இரண்டாம் பதிப்பில்.

யாருக்குக் குளோபல்?

ஒரே குழுவாக 1942ஐப் பல தடவை கடைசிவரை முடித்தவர்களுக்கு. ரஷ்யாவின் முதல் நகர்வைப் பற்றி ஆளுக்கொரு கருத்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களுக்கு. மாதத்தில் ஒரு முழு நாளை வீட்டார் சம்மதத்தோடு ஒதுக்க முடிகிறவர்களுக்கு. இரண்டே பேராக ஆடி நாடுகளைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்பவர்களுக்கு அது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அங்கே யாரும் சும்மா உட்கார வேண்டியதில்லை. இவர்களுக்குக் குளோபல் 1940 உண்மையிலேயே பெரிய அனுபவம். ஆனால் இவர்கள் எந்தப் பெட்டி வாங்கலாம் என்று யாரையும் கேட்பதில்லை. கேட்கிறவர் புதியவர், பதில் அவருக்குப் பொருந்த வேண்டும்.

வாங்கப் போகும்போது பெட்டியின் மேல் இருக்கும் ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். 1942 என்ற பெயரில் 2009இலும் ஒரு பெட்டி வந்தது, 2012இல் இரண்டாம் பதிப்பு வந்தது. இரண்டாவதில் வரைபடம் பெரியது, இந்தியாவில் தொழிற்சாலை உண்டு, விமான எதிர்ப்புப் பீரங்கியின் விதியும் மாறியிருக்கிறது. பழைய பிரதி மலிவாகக் கிடைத்தால் ‘இரண்டாம் பதிப்பு’ என்று அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். 1999இல் வந்த ஐரோப்பா, 2001இல் வந்த பசிபிக் இரண்டையும் வாங்கிச் சேர்த்தால் குளோபல் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவை வேறு ஆட்டங்கள், ஒன்றோடொன்று சேராது. 1940 பெட்டிகளிலும் இரண்டுமே இரண்டாம் பதிப்பாக இருக்க வேண்டும், முதல் பதிப்புக்கும் அதற்கும் படைகளின் தொடக்க நிலையே வேறு. ரெனகேட் நிறுவனம் உரிமம் பெற்று 1942 இரண்டாம் பதிப்பை மறுபடியும் அச்சிட்டிருக்கிறது, ஆகவே பழைய பிரதிக்குப் பெருவிலை கொடுக்க அவசியமில்லை.

‘பெரிசாகவே வாங்கு’ என்று அடுத்த முறை யாராவது சொன்னால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் கடைசியாகக் குளோபலை முடித்தபோது யார் ஜெயித்தார்கள்? பெயரைச் சொல்லி, எந்தச் சுற்றில், எந்தத் தவறால் என்றும் சொன்னால் அவர் யோசனையைக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘நேரமாகிவிட்டது, பாதியில் எழுந்துவிட்டோம்’ என்றால், அவர் சிபாரிசு செய்வது தான் வாங்கிய பெட்டியைத்தான், ஆடிய ஆட்டத்தை அல்ல.